அலாஸ்கா கப்பல் பயணம்: கப்பலைப் பார்க்காதீர்கள், பாதையைப் பாருங்கள்

நெய்தல்

வணக்கம். அலாஸ்கா பயணம் பற்றிக் கேட்டுத் தனிமடல் நிறைய வந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

போனவர்கள்: நான், கணவர், கல்லூரியில் சேரப்போகும் மகள், எட்டு வயது மகன், அப்புறம் என் மாமியார். அத்தைக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், நாலு படி ஏறினால் உட்கார்ந்துதான் அடுத்த படி. ஜூன் மாதம், சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் ஒரு வாரப் பயணம். கெச்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே, க்ளேசியர் பே, கடைசியில் கனடாவின் விக்டோரியா.

எல்லோரும் முதலில் கேட்பது "எந்தக் கப்பல் நல்ல கப்பல்?" என்றுதான். நீச்சல் குளம் எத்தனை, குழந்தைகளுக்குச் சறுக்கு உண்டா, இரவில் என்ன நிகழ்ச்சி என்றெல்லாம். அலாஸ்காவுக்கு அது இரண்டாவது கேள்வி. எந்தப் பனியாற்றுக்குப் போகிறது, அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது, இதுதான் முதல் கேள்வி. க்ளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்களுக்குத்தான் அனுமதி. எல்லா நிறுவனங்களுக்கும் அது கிடையாது, அனுமதி வைத்திருக்கும் நிறுவனத்தின் எல்லாக் கப்பலும் அங்கே போவதும் கிடையாது. விளம்பரத்தில் "பனியாறு காணும் நாள்" என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள். அது எந்தப் பனியாறு என்று பெயரைத் தேடிப் படித்த பிறகு பணம் கட்டுங்கள்.

அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் விவரமாக எழுதுகிறேன், மற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம். காலையில் வளைகுடாவின் வாயில் ஒரு சிறு படகு ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது, ரேஞ்சர்கள், அதாவது பூங்காவின் காவலர்கள், கயிற்று ஏணியில் ஏறி உள்ளே வருகிறார்கள். அன்று முழுக்க அவர்கள்தான் ஒலிபெருக்கியில் பேசுகிறார்கள். எதையும் விற்கும் பேச்சு இல்லை. 1794-இல் ஆங்கிலேய மாலுமி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் இந்தப் பக்கம் வந்தபோது இங்கே வளைகுடாவே கிடையாது, கரை சில மைல் மட்டும் உள்வாங்கியிருந்தது, அதற்குப் பின்னால் முழுவதும் பனிச்சுவர். 1879-இல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் வந்தபோது அந்தச் சுவர் 30 மைலுக்கு மேல் உள்ளே போயிருந்தது. 1916 வாக்கில் 65 மைல். இதை ரேஞ்சர் சொல்லிக்கொண்டிருக்கும்போது கப்பல் அந்த 65 மைலைத்தான் கடந்து கொண்டிருக்கிறது! கரையில் முதலில் அடர்ந்த ஸ்ப்ரூஸ் காடு, அப்புறம் குட்டை மரம், அப்புறம் புதர், அப்புறம் பாசி, கடைசியில் வெறும் பாறை. பனி விட்டுப்போன வரிசையிலேயே காடு முளைத்துக்கொண்டு வருகிறது. மகள் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மரம் எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டே வந்தாள்.

இன்னொன்றும் சொன்னார்கள். அந்த இடம் ஹூனா ட்லிங்கிட் பழங்குடி மக்களின் பூர்வீக ஊர். 1700-களில் பனியாறு ஒரு நாய் ஓடும் வேகத்தில் ஊருக்குள் வந்து தங்களை விரட்டியது என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அத்தை இதைக் கேட்டதும், "அப்போ இவங்க திரும்பி வரவே இல்லையா?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். 2016-இல்தான் பூங்காவின் பார்ட்லெட் கோவ் என்ற இடத்தில் அவர்களுக்கென்று ஒரு மரபு வீடு எழும்பியிருக்கிறது. அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு மனம் ஆறியது.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றுவிட்டது. ஏறக்குறைய ஒரு மைல் அகலச் சுவர், தண்ணீருக்கு மேலேயே 75 மீட்டர் உயரம். நீலம் என்றால் வானத்து நீலம் இல்லை, பிளவுகளுக்குள்ளே விளக்கு வைத்த மாதிரி ஒரு நீலம். பனி தன் எடையிலேயே அழுந்தி அழுந்திக் காற்றுக்குமிழ் எல்லாம் போனபின், சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை மட்டும் விடுகிறதாம். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரு துண்டு உடைந்து விழுவது முதலில் கண்ணுக்குத் தெரிகிறது, தண்ணீர் எழும்புகிறது, அதற்குப் பிறகுதான் இடி மாதிரி சத்தம் வந்து நெஞ்சில் படுகிறது. கப்பல் மெதுவாக ஒரு முழுச் சுற்றுத் திரும்பிக் காட்டியது. அத்தை பால்கனியில் நாற்காலியில் உட்கார்ந்து, காலில் கம்பளி போர்த்திக்கொண்டு, ஒரு அடிகூட நடக்காமல் அத்தனையும் பார்த்தார். அவரை எந்த மலைக்குத்தான் கூட்டிக்கொண்டு போக முடியும்? எனக்கு இந்தப் பயணத்தின் அர்த்தமே அதுதான்.

மற்ற ஊர்கள் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மலைக்குருவி

அக்கா, படிக்கும்போதே போக வேண்டும் போல இருக்கிறது. எங்களுக்கு இரண்டு சந்தேகம். நாங்கள் இந்தியப் பாஸ்போர்ட், அமெரிக்காவில் எச்1பி வேலை விசாவில் இருக்கிறோம், அலாஸ்கா அமெரிக்காதானே, எதற்கு எல்லோரும் கனடா விசா கனடா விசா என்கிறார்கள்? விக்டோரியாவில் இறங்காமல் கப்பலிலேயே உட்கார்ந்துவிட்டால் ஆகாதா? இரண்டாவது, குளிர் எப்படி? சின்னவளுக்கு அடிக்கடி சளி பிடிக்கும்.

தூரதேசி

விசா கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இதில் பலர் துறைமுகம் வரை போய்த் திரும்பியிருக்கிறார்கள்.

1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் பதிவான கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி, நடுவில் வேறு நாட்டைத் தொடாமல், அமெரிக்கத் துறைமுகத்திலேயே இறக்கக் கூடாது. பெரிய உல்லாசக் கப்பல்கள் கிட்டத்தட்ட எல்லாமே பஹாமாஸ், பனாமா மாதிரி நாடுகளில் பதிவானவை. அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் ராத்திரி சில மணி நேரத்துக்காவது விக்டோரியாவில் நிற்கின்றன. மற்ற கப்பல்கள் வான்கூவரிலிருந்தே கிளம்புகின்றன. எப்படிப் போனாலும் கனடா வந்துவிடும்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கனடா வருகை விசா வேண்டும். இறங்க மாட்டேன் என்று சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள், சியாட்டிலில் ஏறும்போதே கேட்பார்கள், இல்லையென்றால் பயணமே போச்சு. கிரீன் கார்டு இருப்பவர்களுக்குக் கனடா விசா தேவையில்லை, கார்டும் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால் போதும். இந்தியாவிலிருந்து வரும் பெற்றோருக்கு அமெரிக்க விசா பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும், ஏனென்றால் விக்டோரியாவைத் தொட்டதும் நீங்கள் அமெரிக்காவை விட்டுப் போய்த் திரும்புகிறீர்கள்.

பாஸ்போர்ட்டில் எச்1பி விசா முத்திரை காலாவதியாகி, ஐ-94 என்கிற தங்கும் அனுமதி மட்டும் செல்லுபடியாக இருப்பவர்களுக்கு, 30 நாளுக்குள் கனடா போய்த் திரும்பினால் தானாகவே புதுப்பித்ததாக எடுத்துக்கொள்ளும் விதி உண்டு. ஆனால் அதற்கும் நிபந்தனைகள் இருக்கின்றன, அலுவலக வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கனடா விசாவுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்பது மாதத்துக்கு மாதம் மாறுகிறது. கப்பலுக்கு முன்பணம் கட்டிய வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

நெய்தல்

நன்றி தூரதேசி, நாங்கள் அத்தைக்கு இரண்டு விசாவையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தோம், அதனால் நிம்மதியாக ஏறினோம்.

மலைக்குருவி, குளிர் பற்றி. கோடையில் அந்த ஊர்களில் பகலில் 10 முதல் 18 டிகிரி வரை இருக்கும், சளிக்குப் பயப்படும் அளவு இல்லை. ஆனால் பனியாற்றுக்குப் பக்கத்தில் போனதும் பனிமேலிருந்து ஒரு காற்று இறங்கி வருகிறது பாருங்கள், கன்னத்தில் அறைகிற மாதிரி! எல்லோரும் ஒரே ஒரு தடித்த கோட்டு வாங்குகிறார்கள். வேண்டாம். உள்ளே தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் மழையும் காற்றும் புகாத மெல்லிய ஜாக்கெட், இப்படி மூன்று அடுக்காகப் போடுங்கள், தேவைக்குக் கழற்றலாம். பருத்தி நனைந்தால் காயாது, உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரை உள்ளே இழுக்கும், குழந்தைக்கு ஜீன்ஸ் போட்டு வெளியே அனுப்பாதீர்கள். சாக்ஸ் மட்டும் கணக்குப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். குடை வேண்டாம், காற்றில் நிற்காது.

மழை நிச்சயம் உண்டு. கெச்சிக்கனில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. நாங்கள் இறங்கியதிலிருந்து ஏறும்வரை தூறல் நிற்கவே இல்லை, ஊர்க்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை.

கடலோடி

எல்லாம் சரி, ஆனால் நான் மாறுபடுகிறேன். கப்பலில் போனால் அலாஸ்காவைப் பார்த்ததாகவே ஆகாது. காலையில் இறக்கிவிடுவார்கள், நாலைந்து கப்பல் கூட்டம் ஒரே தெருவில், இரண்டு பக்கமும் நகைக்கடை, சாயங்காலம் ஏறு என்பார்கள். அதே பணத்துக்கு ஆங்கரேஜில் இறங்கி, கார் எடுத்துக்கொண்டு, சீவர்ட் வரை ஓட்டிப்போய், கீனாய் ஃபியோர்ட்ஸில் நாள் முழுக்கப் படகில் சுற்றி, அப்புறம் வடக்கே டெனாலி போனால் நிலத்தை உணர முடியும். கரடி, கரிபு மான், மூஸ் மான் எல்லாம் சாலையோரத்திலேயே வரும். கப்பல் என்பது ஜன்னல் வழியாகப் பார்க்கும் அலாஸ்கா.

நெய்தல்

கடலோடி, நீங்கள் சொல்லும் பயணம் அருமையானது, மறுக்கவில்லை. நாங்கள் நாலு பேர் மட்டும் என்றால் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் யாரை வைத்துக்கொண்டு போகிறோம் என்று பாருங்கள். தினம் பெட்டியைக் கட்டி, அஞ்சாறு மணி நேரம் காரில் உட்கார்ந்து, ஒவ்வொரு ராத்திரியும் ஒரு புது விடுதி, சாப்பாடு கிடைக்குமா தெரியாது, கழிவறை எத்தனை மைலுக்கு அப்பால் என்று தெரியாது. வயதானவர்களுக்கு இதுதான் முதல் கவலை, வெளியே சொல்ல மாட்டார்கள். தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். கப்பலில் அத்தைக்கு ஒரே கட்டில், ஒரே அறை, பத்தடியில் கழிவறை. மலையும் பனியும் திமிங்கிலமும் அவர் உட்கார்ந்த இடத்துக்கு வந்தன. "ஜன்னல் வழியாக" என்கிறீர்கள். எழுபது வயதுக்கு மேல், நடக்க முடியாத உடம்போடு, அந்த ஜன்னல் கிடைப்பதே பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

நகைக்கடைத் தெரு பற்றிச் சொன்னது முழு உண்மை. அதனால்தான் ஊரில் இறங்கினால் துறைமுகத்தைவிட்டு உடனே விலகிப் போங்கள் என்கிறேன். கெச்சிக்கனில் நாங்கள் சாக்ஸ்மன் கிராமத்துக்குப் போய்க் குலமரங்களைப் பார்த்தோம். டோட்டெம் கம்பங்களைத்தான் சொல்கிறேன். அத்தை சாமி என்று நினைத்துச் செருப்பைக் கழற்றப் போனார். அவை வழிபாட்டுக்கு இல்லை, குலத்தின் வரலாறு, யாருக்கு யார் என்ன உறவு, யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று சொல்பவை என்று வழிகாட்டிப் பெண் பொறுமையாக விளக்கினார். அதில் ஒன்று சீவர்டின் கம்பம். 1867-இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்க ஏற்பாடு செய்த அமெரிக்க அமைச்சர் அவர். ட்லிங்கிட் தலைவர்கள் அவருக்கு விருந்து வைத்துப் பரிசு கொடுத்தார்களாம், அவர் பதில் மரியாதை செய்யவே இல்லை. அதனால் அவர் மூக்கையும் காதையும் சிவப்பாக்கி, கடன் தீர்க்காதவர் என்று மரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அத்தைக்கு ரொம்பப் பிடித்துப்போனது அந்தக் கம்பம்தான். சீர் வாங்கிக்கொண்டு திருப்பிச் செய்யாதவர்களை அவருக்குத் தெரியாதா என்ன!

கடலோடி

சரி, வயதானவர்கள் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், அது என் கணக்கிலேயே வரவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: வான்கூவரில் ஏறி, சீவர்டிலோ விட்டியரிலோ இறங்கும் ஒருவழிக் கப்பல்கள் இருக்கின்றன. இறங்கிய பின் அலாஸ்கா ரயிலில் டெனாலி வரை போகலாம், கார் ஓட்ட வேண்டியதில்லை. டெனாலி பூங்காவின் உள்சாலை 2021-இல் நிலச்சரிவால் பாதியில், 43-ஆவது மைல் பக்கம், மூடப்பட்டது. போகிற வருடத்தில் எதுவரை திறந்திருக்கிறது என்று பூங்காவின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 6,190 மீட்டர் சிகரம் மேகத்துக்குள்தான் பெரும்பாலும் இருக்கும், அது தெரிந்தே தீர வேண்டும் என்று போனால் ஏமாற்றம்தான்.

தூரதேசி

ஒருவழிக் கப்பலில் போனால் ஹப்பர்ட் பனியாறு வர வாய்ப்பு அதிகம். அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் நெய்தல் க்ளேசியர் பே என்று மட்டும் சொல்வதால் மற்றது எல்லாம் மட்டம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஹப்பர்டின் முகப்பே கிட்டத்தட்ட 6 மைல் அகலம், நீளம் 76 மைல், வட அமெரிக்காவில் கடலில் வந்து முடியும் பனியாறுகளில் இதுவே பெரியது. மற்றவை பின்வாங்கும்போது இது முன்னால் வந்துகொண்டிருக்கிறது, 1986-இலும் 2002-இலும் ரஸ்ஸல் ஃபியோர்டு என்கிற குறுகிய கடல் நுழைவின் வாயையே அடைத்து அதை ஏரியாக்கிவிட்டது. ஆனால் முன்னால் மிதக்கும் பனிக்கட்டி அதிகமாக இருந்தால் கப்பல் தூரத்திலேயே திரும்பிவிடும். அன்றைய அதிர்ஷ்டம்.

ட்ரேசி ஆர்ம் என்கிற கடல் நுழைவைப் பாதையில் போட்டிருந்தால் மறுபடி சரிபாருங்கள். 2025 ஆகஸ்டில் அங்கே பெரிய நிலச்சரிவும் அதனால் சுனாமியும் வந்தன, அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் பக்கத்து எண்டிகாட் ஆர்முக்கு மாற்றிவிட்டன. எண்டிகாட்டும் அழகுதான், கடைசியில் டாஸ் பனியாறு.

இளவேனில்

ஜூன் மாதம் நல்லதா ஆகஸ்ட் நல்லதா என்று யாராவது சொல்லுங்களேன்? எங்களுக்குத் திமிங்கிலம்தான் முக்கியம், மகனுக்கு அதுவே கனவு. வடதுருவ ஒளியும் தெரியுமா?

நெய்தல்

திமிங்கிலம் ஜூனிலும் உண்டு ஆகஸ்டிலும் உண்டு. ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் குளிர்காலத்தை ஹவாய்ப் பக்கம் கழிக்கின்றன, அங்கே குட்டி போடுகின்றன, ஆனால் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடுவதில்லை. கோடை முழுக்க அலாஸ்காவில் வந்து சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கொழுப்பைச் சேர்க்கின்றன. ஜூனோவைச் சுற்றியுள்ள கடல் அவற்றின் சாப்பாட்டு மேசை.

நாங்கள் ஜூனோவில் திமிங்கிலப் படகில் போனோம். இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது பெரிய படகு, கீழ்த்தளத்தில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை, மேல்தளத்துக்குச் செங்குத்தான ஏணி, வயதானவர்களுக்கு என்ன வழி என்று கேட்டால் பதில் இல்லை. கணவர் ஜன்னலைத் துடைத்துத் துடைத்துக் காட்டினார், அத்தைக்குப் பாதிதான் தெரிந்தது. மகன் மேலே நின்று வால் எழும்பி இறங்குவதைப் பார்த்து அலறிய அலறல் கீழே வரை கேட்டது, எனக்கு அவனுக்காக மகிழ்ச்சியும் அத்தைக்காக வருத்தமும் ஒரே நேரத்தில். முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்: எத்தனை பேர் ஏற்றுவீர்கள், உட்கார்ந்த இடத்திலிருந்து வெளியே தெரியுமா, வெளித்தளத்துக்குப் படி இல்லாமல் போக முடியுமா. சட்டப்படி படகு திமிங்கிலத்தை 100 கஜத்துக்குள் நெருங்கக் கூடாது, அதனால் பைனாகுலர் வேண்டும். ஆளுக்கு ஒன்று என்றே சொல்வேன். ஒன்றை வைத்துக்கொண்டு ஐந்து பேர் கைமாற்றுவதற்குள் திமிங்கிலம் முங்கிவிடும்.

இளவேனில்

மிக்க நன்றி அக்கா. ஒளி?

தூரதேசி

ஜூனில் வாய்ப்பே இல்லை. ஜூனோ 58 டிகிரி வடக்கில் இருக்கிறது, அந்த மாதத்தில் சூரியன் ராத்திரி பத்துக்கு மேல் மறைந்து காலை நாலு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறது, நடுவிலும் முழு இருட்டு கிடையாது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் இருட்டு உண்டு, மேகம் விலகினால் தெரியலாம், ஆனால் செப்டம்பரில் மழையும் அதிகம். அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

சால்மன் மீன் ஆற்றில் ஏறுவதையும் அதைத் தின்ன வரும் கரடியையும் பார்க்க ஜூலை கடைசி முதல் ஆகஸ்ட் நல்லது. கெச்சிக்கனில் க்ரீக் ஸ்ட்ரீட்டின் கீழே ஓடும் ஓடையிலேயே மீன் நெருக்கியடித்துக்கொண்டு ஏறும். மே மாதம் மழை குறைவு, மலையில் பனி அதிகம், கட்டணமும் கொஞ்சம் குறைவு. குட்டிச் சீல்கள் பிறக்கும் காலம் என்பதால் க்ளேசியர் பேயில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பனியாற்றுக்கு மே முதல் ஆகஸ்ட் முடியப் பெரிய கப்பல்கள் போக முடியாது, செப்டம்பரில்தான் திறப்பார்கள். ஆக ஒன்று கிடைத்தால் ஒன்று போகும்.

வெண்ணாரை

இத்தனை பேர் ஆசையாகப் பேசும்போது குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. உருகும் பனியைப் பார்ப்பதற்காகவே எரிபொருளை எரித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர் போகிறோம். அந்தச் சின்ன ஊர்களின் நிலை என்ன? யாராவது யோசித்தீர்களா?

நெய்தல்

யோசித்தோம், வெண்ணாரை. மகள் இதே கேள்வியைக் கப்பலில் என்னிடம் கேட்டாள், சாப்பாட்டு மேசையில் பெரிய வாக்குவாதமே நடந்தது. என் பதில் அவளுக்குப் போதவில்லை. உங்களுக்கும் போதாமல் இருக்கலாம்.

மெண்டன்ஹால் பனியாற்றைப் பார்க்க ஜூனோவில் 1962-இல் ஒரு பார்வையாளர் மையம் திறந்தார்கள். அப்போது பனி அதற்கு எதிரிலேயே இருந்த படங்களை உள்ளே வைத்திருக்கிறார்கள். இப்போது அந்த ஜன்னலில் நின்று பார்த்தால் இடையில் பெரிய ஏரி, பனி பின்னால் ஒதுங்கிப்போய் நிற்கிறது. 2011 முதல் அந்தப் பனியாற்றின் பக்கத்துப் பள்ளத்தில் நீர் தேங்கித் திடீரென்று உடைத்துக்கொண்டு வந்து கீழே வீடுகளுக்குள் வெள்ளம் புகுகிறது. அங்கே பேசிய பெண்மணி தன் தெருவுக்கே தண்ணீர் வந்ததைச் சொன்னார். படித்துத் தெரிந்துகொள்வது வேறு, அந்த இடத்தில் நின்று கேட்பது வேறு. என் பிள்ளைகள் அதைக் கேட்டார்கள் என்பதை நான் வீண் என்று நினைக்கவில்லை.

ஊர்க்காரர்களும் சும்மா இல்லை. ஜூனோவில் 2001-லேயே துறைமுகத்தில் நிற்கும் உல்லாசக் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுக்கத் தொடங்கினார்கள், உலகிலேயே முதல் முறையாக. 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்தான் என்று நிறுவனங்களோடு ஒப்பந்தம். அதே வருடம் சனிக்கிழமைகளில் கப்பலே வேண்டாம் என்று ஒரு வாக்கெடுப்பும் நடந்தது, தோற்றுவிட்டது. ஊரே இரண்டு மனதாக இருக்கிறது. ஸ்காக்வேயில் நிரந்தரமாக வாழ்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான், கப்பல் வந்தால் அதைப்போலப் பல மடங்கு பேர் தெருவில்.

குற்ற உணர்ச்சி எனக்கும் இருக்கிறது. அதனால்தான் க்ளேசியர் பே மாதிரிக் கட்டுப்பாடு உள்ள இடத்துக்குப் போகும் பாதையைத் தேர்ந்தெடுங்கள், உள்ளூர் ஆட்கள் நடத்தும் உலாவில் பணத்தைக் கொடுங்கள் என்று சொல்கிறேன். இது போதுமா என்றால் போதாதுதான்.

வெண்ணாரை

நேர்மையான பதில், நன்றி. மகளிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மலைக்குருவி

அக்கா, இன்னும் சில சந்தேகம். பால்கனி அறைதான் எடுக்க வேண்டுமா, விலை ரொம்ப வித்தியாசம். வாந்தி மயக்கம் வருமா? சைவச் சாப்பாடு? கடைசியாக, டிக்கெட் விலை தவிர எவ்வளவு ஆகும்?

நெய்தல்

பால்கனி: வயதானவர்கள், கைக்குழந்தை இருந்தால் கட்டாயம் எடுங்கள், மற்ற எதிலாவது மிச்சம் பிடியுங்கள். எல்லோரும் ஓடியாடும் குடும்பம் என்றால் உள்ளறை போதும், பனியாற்று நாளில் மேல்தளத்தில் எல்லாப் பக்கமும் தெரியும், அங்கேதான் எல்லோரும் இருப்பார்கள். இடப்பக்கமா வலப்பக்கமா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், கப்பல் திரும்பும்.

மயக்கம்: இன்சைட் பாசேஜ் என்கிற பகுதியில் இரண்டு பக்கமும் தீவுகள் அலையைத் தடுத்துவிடுகின்றன, ஏரி மாதிரி இருக்கும். ஆனால் சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளிப்பக்கம் திறந்த கடலில்தான் போகின்றன, முதல் ராத்திரியும் மறுநாளும் நன்றாக ஆடும். மகன் படுத்துவிட்டான். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு. மருந்தை ஆடத் தொடங்கும் முன்பே போட வேண்டும், வந்த பிறகு போட்டால் அவ்வளவாக வேலை செய்யாது, குழந்தைக்கும் முதியவருக்கும் எது சரி என்று கிளம்பும் முன் மருத்துவரிடமே கேட்டு வாங்குங்கள். அத்தை இஞ்சி முரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருந்தார்.

சாப்பாடு: முன்பதிவின்போதே இந்தியச் சைவம் என்று எழுதிக் கொடுங்கள், ஏறிய முதல் நாள் மேசைப் பொறுப்பாளரிடம் மறுபடி நேரில் சொல்லுங்கள். எங்கள் மேசையைக் கவனித்தவர் முந்தின ராத்திரியே மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்வார். சாம்பாரை எதிர்பார்க்காதீர்கள், பருப்பும் சோறும் தயிரும் கிடைத்தன, அத்தைக்கு அது போதும்.

செலவு: பணியாளர் அன்பளிப்பு என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டாலர் வரை கணக்கில் ஏறும், குழந்தைக்கும் சேர்த்து. இணையம் தனி. கரையில் போகும் உலாக்கள்தான் பெரிய செலவு, ஐந்து பேருக்கு எல்லா ஊரிலும் எடுத்தால் டிக்கெட் விலையைத் தொட்டுவிடும். ஜூனோவில் திமிங்கிலம், ஸ்காக்வேயில் ரயில், இரண்டுக்கு மட்டும் பணம் வையுங்கள், மீதியை நடந்தோ ஊர்ப் பேருந்திலோ பாருங்கள். மெண்டன்ஹாலில் ஃபோட்டோ பாயிண்ட் பாதை சமதளம், சக்கர நாற்காலி போகும், பிள்ளைகள் அதற்குள் நகெட் அருவி வரை நடந்துவிட்டு வந்துவிடலாம். மருத்துவக் காப்பீடு இல்லாமல் பெரியவர்களை ஏற்றாதீர்கள், அவசரத்துக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது, விமானம் அல்லது கப்பல்தான்.

இளவேனில்

ஸ்காக்வே ரயில் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. சக்கர நாற்காலியோடு ஏற முடியுமா? என் அப்பாவை அழைத்துப் போக நினைக்கிறேன், அவர் ரயில்வேயில் இருந்தவர்.

நெய்தல்

ரயில்வேக்காரர் என்றால் அவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்! ஒயிட் பாஸ் ரயில், 1898-இல் தொடங்கி 1900-இல் முடித்த, 3 அடி மட்டுமே அகலமுள்ள, மீட்டர் கேஜைவிடவும் குறுகிய பாதை. கடல் மட்டத்திலிருந்து 20 மைலுக்குள் 2,865 அடி ஏறுகிறது. தங்கம் தேடி வந்தவர்களுக்காகப் போட்டது, பாதை முடிவதற்குள் தங்கவேட்டையே அடங்கிவிட்டது. எல்லையில் கனடாக் காவலர்கள் ஒரு வருடத்துக்கான சாமான், ஏறக்குறைய ஒரு டன், கையில் இல்லாதவனை உள்ளே விடவில்லை. அத்தனையையும் முதுகிலும் குதிரையிலும் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். சுமார் 3,000 குதிரைகள் அந்த மலையில் செத்திருக்கின்றன, அந்தத் தடத்தை ரயிலிலிருந்தே காட்டுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு சிறிது நேரம் இயற்கைக் காட்சியில் மனம் போகவில்லை.

சக்கர நாற்காலிக்கு லிஃப்ட் வைத்த பெட்டி உண்டு, முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள், அன்று காலையில் போய்க் கேட்டால் கிடைக்காது. போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், பள்ளத்தாக்கு முழுக்க அந்தப் பக்கம்தான். உச்சியில் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள், பயணிகளை இருக்கையைத் திருப்பிப் போட்டுப் பக்கம் மாறி உட்காரச் சொல்வார்கள், அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. உச்சிவரை போய்த் திரும்பும் பயணத்தில் இறங்கவே வேண்டியதில்லை. பெட்டிக்கு வெளியே சின்ன மேடை இருக்கிறது, அப்பாவால் கொஞ்சம் நிற்க முடியும் என்றால் வளைவு வரும்போது அங்கே நிறுத்துங்கள், முன்னால் இன்ஜினும் மரத்தூண் பாலமும் ஒன்றாகத் தெரியும். குளிரும், தொப்பியை மறக்காதீர்கள்.

இளவேனில்

இன்றைக்கே ரயிலுக்கு எழுதிக் கேட்கிறேன். விசா வேலையை மலைக்குருவியோடு சேர்ந்து தொடங்கிவிடலாம் போல இருக்கிறது.

மலைக்குருவி

தனிமடல் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். நாங்கள் மே மாதம் என்று முடிவு செய்திருக்கிறோம், க்ளேசியர் பே போகும் பாதை.